செத்தகுதிரை இறக்கத்துக்கு ஒரு பிரேக் பெட்டி

அந்த வருஷம் ஜூன் கடைசியிலேயே மலையில் புல் தீர்ந்துவிட்டது. ஜூலையில் பேருக்குக்கூட ஒரு தூறல் இல்லை. ஆகஸ்டு பிறந்ததும் மேற்கே எங்கோ காடு பற்றியெரிகிற புகை வந்து பள்ளத்தாக்கு முழுக்கக் குந்திக்கொண்டது. வெட்டுக்கிளிகள் தோட்டத்தை முடித்துவிட்டு, கொடியில் காய்ந்த துணியைக் கடிக்க ஆரம்பித்திருந்தன. வன இலாகாவிலிருந்து தகவல் வந்தது: சனிக்கிழமைக்குள் மேய்ச்சல் மாடு ஒன்றுவிடாமல் மலையைவிட்டு இறங்கியாக வேண்டும்.

ஸ்ட்ரவுட் வீட்டு மாடுகளை அடுத்த பண்ணைக்காரர் வோஸ் தன் பெரிய லாரியில் இறக்கிக் கொடுத்திருந்தார். நான்கு பசுக்களும் அவற்றின் கன்றுகளும் மட்டும் தேவதாருக் காட்டுக்குள் புகுந்துகொண்டு கண்ணில் படவில்லை. புதன்கிழமை அவை தாகம் தாங்காமல் தண்ணீர்த் தொட்டிக்கு வந்து பட்டியில் அடைபட்டன. அதற்குள் வோஸின் லாரி வேறு ஜில்லாவுக்குப் போயாகிவிட்டது. தன்னுடைய மாட்டு டிரெய்லரை மட்டும் அவர்கள் வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

ஸ்ட்ரவுட் வீட்டு வெல்டாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. மாடு பிடிப்பாள், கன்று இழுப்பாள், வைக்கோல் கட்டு தூக்குவாள். பாரம் ஏற்றிய டிரெய்லரை செத்தகுதிரை இறக்கத்தில் ஒருநாளும் இறக்கியதில்லை. பதினோரு மைல் மலைப்பாதை, ஏழு கொண்டை ஊசி வளைவு. அதையெல்லாம் புருஷன் ஆரின்தான் ஓட்டினான். அப்புறம் மகன் ராய்ஸ் ஓட்டினான். இரண்டு வருஷம் முந்தி எட்டு மாட்டோடு ராய்ஸ் நாலாவது வளைவில் சரிந்து போனான். அடுத்த குளிர்காலம் ஆரினுக்கு வலது கையும் காலும் விழுந்தன.

வசந்தத்தில் பழைய பிக்கப் ஒன்று வாங்கியிருந்தார்கள். அதில் டிரெய்லர் பிரேக்குக்கான பெட்டி கிடையாது. பெட்டி இல்லாவிட்டால் டிரெய்லரின் சக்கரங்களுக்கு பிரேக் இல்லை. முன்னால் போகிற வண்டியே எல்லாவற்றையும் தாங்க வேண்டும். ஆரின் இடது கையால் கிறுக்கி ஒரு சீட்டுக் கொடுத்தான். வெல்டா அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினாள்.

கிளீட்டஸின் உதிரிபாகக் கடையில் ரப்பர் வாசனையும் கருகின காப்பி வாசனையும் கலந்து அடித்தன. கிளீட்டஸ் அவளோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன். வயிறு பெருத்து, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

"நீயா வந்தியா, இல்ல ஆரின் அனுப்பிச்சானா? அவன் அனுப்பிச்சிருந்தா கையில சீட்டு இருக்கணுமே."

"இருக்கு." எடுத்து நீட்டினாள்.

கிளீட்டஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். "'டைமர் வகை. பழையதே. வேற எதையும் தலையில கட்டினா வாங்காதே.' அடேயப்பா, என்னைப் பத்தி எவ்வளவு நல்ல எண்ணம்! கை விழுந்தும் வாய் விழலையே இவனுக்கு."

"கிண்டல் அப்புறம் பண்ணு. நாளைக்கு மாடு எறக்கணும்."

"யாரு ஓட்டப்போறது?"

"நான்தான்."

கிளீட்டஸின் சிரிப்பு நின்றது. "செத்தகுதிரையிலயா?"

"வேற ரோடு ஏதாச்சும் போட்டிருக்காங்களா?"

அவன் உள்ளே போய் இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தான். இரண்டுக்குள்ளும் உள்ளங்கை அகலத்தில் கறுப்புப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு திருகு, ஒரு சின்ன லீவர்.

"இந்தா, இது டைமர். உன் புருஷன் கேக்கறது. நீ பிரேக்கை மிதிச்சா இது பின்னால டிரெய்லருக்குக் கரண்ட்டு அனுப்பும். மெதுவா மிதிச்சாலும் ஒரே அளவு, உயிர் போற மாதிரி மிதிச்சாலும் அதே அளவு. நீ திருகுல எந்த நம்பர் வெச்சியோ அவ்வளவுதான். இன்னொண்ணு இருக்கே, இதுக்கு உள்ள ஒரு தராசு மாதிரி வெச்சிருக்கான். வண்டி எவ்வளவு வேகமா நிக்கப் பாக்குதுன்னு அதுவே பாத்து, அதுக்கேத்த மாதிரி டிரெய்லரையும் புடிக்கும். நீ மெதுவான்னா அதுவும் மெதுவா. நீ பயந்து மிதிச்சா அதுவும் பயந்து புடிக்கும்."

"அப்ப அதுல திருகு எதுக்கு?"

"பாரத்துக்கு. காலி டிரெய்லருக்குக் கம்மி வெக்கணும், மாடு ஏத்தினா கூட்டணும். அது எந்தப் பெட்டிக்கும் உண்டு. சமதரையில மெதுவா ஓட்டி லீவரை அழுத்திப் பாரு, அது டிரெய்லரை மட்டும் புடிக்கும். சக்கரம் இறுகி இழுத்துச்சுன்னா கொஞ்சம் கொறை. அவ்வளவுதான் சூட்சுமம்."

வெல்டா டைமர் பெட்டியைக் கையில் எடுத்தாள். திருகைச் சுற்றி ஒன்றிலிருந்து பத்துவரை வெள்ளையில் எண்கள். இதே பெட்டியை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று முதலில் தோன்றியது. பிறகு எங்கே என்பதும் வந்துவிட்டது.

நொறுங்கின வண்டிகளைப் போட்டுவைக்கும் இடத்தில். ராய்ஸின் பொருட்களை எடுத்துவர அவள்தான் போனாள். கையுறை, சாப்பாட்டு டப்பா, மகள் பிரின்னுக்கு வாங்கிவைத்திருந்த பிறந்தநாள் காகிதக் கிரீடம். மிதிக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. திருகை இரண்டில் வைத்து, அதன்மேல் வெள்ளை டேப் ஒட்டி, அதில் ஆரின் கையெழுத்து: தொடாதே. ஆரின் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டுகிறவன். கிணற்று மோட்டார் சுவிட்சு, வீட்டு ஹீட்டர், ரேடியோவின் சத்தம் வைக்கும் திருகு, எல்லாவற்றிலும் ஒட்டுவான். அதனால் அன்றைக்கு அவளுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

"கிளீட்டஸ், ரெண்டுல வெச்சா?"

"ரெண்டா? காலி டிரெய்லருக்கு ஆகும்."

"எட்டு மாடு ஏத்தியிருந்தா?"

"எட்டு மாட்டுக்கு ரெண்டுன்னா இருந்தும் இல்லாத மாதிரிதான். மொத்த பாரமும் முன்வண்டி பிரேக்கு மேல வந்து உக்காரும். சின்ன எறக்கம்னா சமாளிக்கும். செத்தகுதிரை மாதிரின்னா சூடேறிப் பொகைய ஆரம்பிச்சிடும். அப்புறம் மிதி பஞ்சு மாதிரி உள்ள போகும்."

"கையால லீவரை அழுத்தினா?"

"டைமர்ல அந்த நம்பருக்கு மேல குடுக்காது, வெல்டா." சொல்லிவிட்டுத்தான் அவள் முகத்தைப் பார்த்தான். "எதுக்குக் கேக்கறே?"

அவள் டைமரைக் கீழே வைத்துவிட்டு, மற்றதை அவன் பக்கம் தள்ளினாள். "இதைப் பூட்டிக் குடு. காத்திருக்கேன்."

கிளீட்டஸ் வண்டிக்குள் மல்லாந்து படுத்து ஒயர்களை இணைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. வெல்டா கடை வாசலில் நிழலில்லாத இடத்தில் நின்றுகொண்டே இருந்தாள். உள்ளே வந்து உட்கார் என்று அவன் இரண்டு தரம் சொன்னது அவள் காதில் விழவில்லை.

அவள் நினைவெல்லாம் ஜனெல்மேல் இருந்தது. ஜனெல் ராய்ஸின் மனைவி. ராய்ஸ் சரிந்த அன்று குழந்தைக்கு ஐந்தாவது பிறந்தநாள். சீக்கிரம் வா என்று ஜனெல் போனில் சொன்னாள். வேகம் அதிகம் என்று போலீஸ் எழுதிக்கொடுத்தது. அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லாரும் பன்றித்தொடைக் கறியும் உருளைக்கிழங்குமாகத் தட்டோடு நிற்கையில், வெல்டா மருமகளைப் பார்த்து எல்லார் காதிலும் விழச் சொன்னாள்: "அவசரப்படுத்தியே என் புள்ளையைக் கொன்னுட்டியேடி." கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது. ஜனெல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மாசமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு எண்பது மைல் தள்ளிப் போய்விட்டாள். அதன்பிறகு பேத்தியின் முகத்தை வெல்டா பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து காலையில் ஊறப்போட்ட பீன்ஸை உப்புக்கறி எலும்போடு அடுப்பில் ஏற்றினாள். சோளரொட்டி சுட்டாள். இரண்டு தட்டில் பரிமாறியதும் ஆரின் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். பக்கவாதத்துக்குப் பிறகு அவன் வார்த்தைகள் கொஞ்சம் வழுக்கும். நிதானமாகப் பேசினால் புரியும்.

"டைமர்தானே வாங்கினே?"

"இல்ல."

"அந்தத் தடியன் தலையில கட்டிட்டானா! பொட்டி தானா பிரேக் போடுமாம். நமக்குக் கால் எதுக்கு இருக்கு? முப்பது வருஷம் நான் ஓட்டலியா?"

"ராய்ஸோட பொட்டியில ரெண்டுல வெச்சு டேப் ஒட்டினது நீதானே?"

ஆரின் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தான். கை அப்படியே நின்றது.

"அவன் அன்னைக்கு எட்டு மாடு ஏத்தியிருந்தான், ஆரின்."

"காலி டிரெய்லர் கெட்டியா புடிச்சு டயரைத் தேச்சுது. ரெண்டு டயர் போச்சு. அவன் நோண்டி நோண்டி மாத்திக்கிட்டே இருப்பான். அதனால ஒட்டினேன்."

"பாரம் ஏத்தும்போது எடுடான்னு சொன்னியா?"

ஆரின் ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"கேக்கறேன்ல. சொன்னியா?"

"தொட்டா கையை ஒடிச்சிடுவேன்னு சொன்னேன்."

வெல்டா நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"வண்டியைக் கொண்டுவந்து போட்ட அன்னைக்கு. உனக்கு முன்னாடி நான் போய்ப் பாத்தேன்."

"பாத்துட்டு அப்படியே விட்டுட்டு வந்தியா?"

"அந்த டேப்பை எடுத்துடலாம்னு கையை நீட்டினேன். எடுக்க முடியல." அவன் தன் வலது கையைப் பார்த்தான். அது மடியில் கிடந்தது. "அப்ப இந்தக் கை நல்லாத்தான் இருந்துச்சு."

"சர்ச்சுல நான் அந்தப் பொண்ணைக் கேக்கும்போது நீ என் பக்கத்துலதானே நின்னே?"

"நின்னேன்."

"ஏன் சொல்லலை?"

ஆரின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே புகைக்குள் சூரியன் சிவப்பாக நின்றது.

"உனக்குக் கோவப்பட ஒரு ஆள் வேணும்னு இருந்துச்சு. அது நான் இல்லைன்னு நிம்மதியா இருந்துச்சு. அதான் நெசம். வேற எதுவும் சொல்லத் தெரியல எனக்கு."

அவள் எழுந்து தன் தட்டிலிருந்த பீன்ஸைச் சட்டியில் கொட்டினாள். தட்டைக் கழுவினாள். கழுவினதையே மறுபடி கழுவினாள். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு நீ கூட வரவேண்டாம்" என்றாள்.

மறுநாள் விடியும்போதே கிளம்பி மலையேறினாள். பட்டியில் மாடுகள் விலா எலும்பு தெரிய நின்றன. வன இலாகா ஆள் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டார். கன்றுகளை முதலில் ஏற்றி முன்னறையில் அடைத்தாள். தாய்கள் தானாகப் பின்னால் ஏறிக்கொண்டன. ஒரு கிழட்டுப் பசு மட்டும் முரண்டு பிடித்து அவள் தொடையில் ஒரு உதை கொடுத்துவிட்டு ஏறியது. மேட்டுச் சமவெளியில் கிளீட்டஸ் சொன்ன மாதிரி மெதுவாக ஓட்டி லீவரை அழுத்திப் பார்த்தாள். திருகு ஆறில் வந்து நின்றது.

இறக்கம் ஆரம்பித்ததும் வண்டியை இரண்டாம் கியருக்குத் தள்ளினாள். முதல் வளைவுக்கு முன்னால் மிதித்தபோது, பின்னால் யாரோ அவள் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்துவதுபோல டிரெய்லர் பிடித்துக்கொண்டது. விட்டபோது விட்டது. இரண்டாவது வளைவிலும் அப்படியே. பயந்து பயந்து வந்தவளுக்கு, பயப்பட ஒன்றுமில்லை என்று தெரியத் தெரிய நெஞ்சு கனத்தது. இவ்வளவுதானா? இவ்வளவு சுலபமா இது?

நாலாவது வளைவில் சாலையோரக் கம்பித்தடுப்பு இருபது அடிக்கு மட்டும் புதுசாகப் பளபளத்தது. அங்கே வர உச்சியிலிருந்து ஆறு மைல். ராய்ஸுக்கு பிரேக் ஒரேயடியாகப் போயிருக்காது. மூன்றாவது வளைவிலேயே புகை வாடை வந்திருக்கும். மிதி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கும். லீவரை அழுத்தியிருப்பான்; ஒன்றும் நடந்திருக்காது. எல்லாம் தெரிந்துகொள்ள அவனுக்கு நேரம் இருந்திருக்கும். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. வண்டியை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பக் கிளப்ப முடியாது என்று தோன்றியது.

மாடுகளை வோஸின் பட்டியில் இறக்கித் தண்ணீர் காட்டினாள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் காலி டிரெய்லருக்காகத் திருகை ஆறிலிருந்து இரண்டுக்குக் கொண்டுவந்தாள். கட்டைவிரலால் ஒரு தள்ளு. ஒரு ஆள் இருமி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

வீட்டுப் பக்கம் திரும்பாமல் நெடுஞ்சாலையில் ஏறினாள்.

ஜனெல் முதியோர் இல்லத்தில் சலவை வேலை பார்த்தாள். வாடகை வீட்டின் முன்படியில், சீருடையைக்கூட மாற்றாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். டிரெய்லரோடு வந்து நின்ற வண்டியைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"என்ன வெல்டா, இவ்வளவு தூரம்?"

"பிரின்..."

"நீச்சலுக்குப் போயிருக்கா. நாலு மணிக்கு வந்துடுவா. அதுக்குள்ள சொல்ல வந்ததைச் சொல்லிட்டுக் கெளம்பிடுங்க."

வெல்டா நின்றபடியே சொன்னாள். டேப்பைச் சொன்னாள், இரண்டைச் சொன்னாள், ஆரின் ஒத்துக்கொண்டதைச் சொன்னாள். "நான் உன்னைச் சொன்னது பொய்யி, ஜனெல். ஊரைக் கூட்டிச் சொன்னேன். அதை எப்படித் திரும்ப வாங்கறதுன்னு தெரியல."

ஜனெல் சோப்புத் தண்ணீரில் வெடித்துப்போயிருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்:

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு ராய்ஸ் உச்சியில நின்னு போன் பண்ணினாரு. அங்கதானே சிக்னல் கெடைக்கும். 'டிரெய்லர் தள்ளுது, பிரேக்கு புடிக்கவே மாட்டேங்குது'ன்னாரு. பொட்டியில கூட்டி வெய்யுங்களேன்னேன். சிரிச்சாரு. 'டேப்பைப் பிச்சா நாளைக்கு அப்பா பாத்துடுவாரு, யாரு திட்டு வாங்கறது'ன்னாரு. முப்பத்தோரு வயசு ஆம்பளை, வெல்டா. ஒரு புள்ளைக்குத் தகப்பன்."

வெல்டா படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் நானும் சொன்னேன், 'சரி, பாத்து வாங்க, சீக்கிரம் வாங்க, புள்ள காத்துக்கிட்டிருக்கா'ன்னு. அதையும் சொன்னேன். போலீஸ் கேட்டப்ப அதை மட்டும் சொன்னேன்."

"ஏன்டி? நான் அப்படிப் பேசினப்பவாவது ஏன் சொல்லல?"

"ஆரின் பக்கத்துலயே நின்னாரு. என்னைத்தான் பாத்தாரு. சொல்லிடுவாருன்னு நெனச்சேன். நெசமாவே வாயைத் தொறக்கப் போறாருன்னு காத்துக்கிட்டிருந்தேன். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு." ஜனெல் செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டாள். "நான் சொல்லியிருந்தா அன்னைக்கு ராத்திரி நீங்க எந்த வீட்டுக்குப் போயிருப்பீங்க? புள்ள போயிட்டான். புருஷனும் இல்லன்னு ஆயிடும். எனக்குப் பிரின் இருந்தா. உங்களுக்கு அவரு ஒருத்தருதான் மிச்சம்."

வெல்டா அழவில்லை. அழுகிற உரிமைகூடத் தனக்கு இந்த வாசலில் இல்லை என்று அவளுக்கு இருந்தது.

"ரெண்டு வருஷமா போன் அடிச்சா ஆரின்தான்னு நெனச்சு எடுப்பேன்," என்றாள் ஜனெல். "உங்களை ஒருநாளும் எதிர்பாக்கல. நாலாகப்போவுது, கெளம்புங்க. பிரின்னுக்கு உங்களை அடையாளம் தெரியும். இன்னைக்கு வேணாம்."

வெல்டா வீட்டுக்கு வந்து சேரும்போது ஐந்தரை. ஆரின் காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில் இருந்தான். டப்பாவில் அடைத்த பீச்சுப்பழத்தை ஒற்றைக் கையால் திறக்கப் பார்த்துத் தோற்று, அப்படியே விட்டிருந்தான்.

"மாடு எறங்கிடுச்சா?"

"எறங்கிடுச்சு. ஜனெலைப் பாத்துட்டு வரேன்."

அவன் நிமிர்ந்தான்.

"அவளுக்கு மொத நாள்லேருந்து தெரியும். உச்சியிலேருந்து அவன் போன் பண்ணிச் சொல்லியிருக்கான். டேப்பைப் பிச்சா நீ திட்டுவேன்னு பயந்து அப்படியே எறங்கியிருக்கான்." அவள் குரல் ஏறவே இல்லை. "எனக்குப் புருஷனாவது மிஞ்சட்டும்னு அந்தப் பொண்ணு பழியைத் தூக்கிக்கிட்டுப் போயிருக்கா. நீ சொல்லுவேன்னு இன்னைக்கு வரைக்கும் காத்துக்கிட்டிருந்திருக்கா."

ஆரினின் வாய் ஒருபக்கம் கோணியது. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சுவரைத் தடவித் தடவிக் கதவோரம் போய், பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸை எடுத்தான்.

"எங்க?"

"அவகிட்ட."

"எண்பது மைல். போய்ச் சேர ஏழு தாண்டிடும். கதவைத் தொறக்க மாட்டா."

"தொறக்காட்டி வெளியில நிக்கறேன்."

இடது காலில் பூட்ஸ் ஏறிவிட்டது. வலது கால் பாதியில் சிக்கிக்கொண்டது. ஒற்றைக் கையால் இழுத்தான், வழுக்கியது. மறுபடி இழுத்தான். தினமும் காலையில் அதை மாட்டிவிடுகிறவள் வெல்டாதான். அவள் நின்று பார்த்தாள். குனியவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய், டிரெய்லரைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கிளப்பி வாசலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினாள்.

இருபது நிமிஷம் ஆனது. அவள் ஹாரன் அடிக்கவில்லை. கடைசியில் கதவு திறந்தது. ஒரு காலில் பூட்ஸும் மறுகாலில் வெறும் காலுறையுமாக ஆரின் வந்தான். மூன்று படிகளையும் பக்கவாட்டில், ஒவ்வொன்றாக இறங்கினான். கடைசிப் படியில் தடுமாறி, கம்பத்தைப் பிடித்துச் சமாளித்து நின்றான். வண்டிவரைக்கும் சரளைக்கல் தரை.

அவன் வந்து சேருகிறவரை வெல்டா பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளிருந்தபடியே கையை நீட்டி அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.